லினக்ஸ் கெஜட்: ஓர் இலவச இதழின் செலவுக் கணக்கு

இன்று நிரல் எழுதும்போது ஒரு சந்தேகம் வந்தால் கூகிளைத் தட்டினால் போதும், ஆயிரம் பதில்கள் வந்து விழுகின்றன. ஆனால் 1995-இல் நிலைமை வேறு. அப்போது கூகிளே கிடையாது. லினக்ஸ் என்ற இயங்குதளம் பிறந்து நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அதை நிறுவ முயன்று, திரை கறுத்துப்போய், மோடம் பேசாமல், பிரிண்டர் அசையாமல் விழித்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கைகொடுக்கப் புத்தகக் கடையில் பெரிதாக ஒன்றும் இல்லை. அந்த நேரத்தில் தொடங்கப்பட்டதுதான் 'லினக்ஸ் கெஜட்' என்ற இணைய இதழ். எழுதியவர்கள் யாருக்கும் சம்பளம் இல்லை, படித்தவர்கள் யாரும் பணம் கட்டவில்லை. அப்படியே 16 ஆண்டுகள், 186 இதழ்கள்!

இலவசமாக எழுதி இலவசமாகக் கொடுக்கும் இதழுக்கு என்ன செலவு இருந்துவிடப் போகிறது என்று தோன்றலாம். இருந்தது. தொகை சிறியதுதான், ஆனால் அதை யார் கொடுத்தார்கள் என்பதில்தான் இந்த இதழின் தலையெழுத்தே அடங்கியிருந்தது.

முதலில் கொஞ்சம் முன்கதை. கணினி ஆர்வலர்கள் கூடி இதழ் நடத்துவது இணையத்தோடு தொடங்கியதல்ல. 1976 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் 'பீப்பிள்ஸ் கம்ப்யூட்டர் கம்பெனி' என்ற அமைப்பிலிருந்து 'டாக்டர் டாப்ஸ் ஜர்னல்' வந்தது. பெயரில் கம்பெனி இருந்தாலும், அது கணினியைப் பொதுமக்களிடம் கொண்டுபோகும் எண்ணத்தில் நடந்த அமைப்பு. 'டைனி பேசிக்' என்ற மிகச் சிறிய நிரல்மொழியை யார் வேண்டுமானாலும் தங்கள் கணினியில் அமைத்துக்கொள்ளும்படி, மூலநிரலையே தாளில் அச்சிட்டுத் தருவதுதான் நோக்கம். மூன்றே இதழ்களோடு முடித்துக்கொள்வதாக ஆரம்பித்தார்கள். வாசகர்கள் தங்கள் நிரல்களையும் திருத்தங்களையும் எழுதி அனுப்ப, நிறுத்த முடியாமல் போய்விட்டது. பிறகு அது வளர்ந்து, வணிக நிறுவனங்களின் கைக்குப் போய், விளம்பரத்தால் வாழும் முழுநேரப் பத்திரிகையானது. அது எப்படி முடிந்தது என்பது பின்னால் வரும்.

ஜான் ஃபிஸ்க் என்ற அமெரிக்கர் மருத்துவத் துறையிலிருந்து வந்தவர். தொழில்முறையில் நிரலர் அல்ல. அவர் 1995 ஜூலையில் லினக்ஸ் கெஜட்டின் முதல் இதழை இணையத்தில் போட்டார். தான் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்ட சின்னச் சின்ன உத்திகளை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் அடுத்தவருக்கு உதவுமே என்ற எண்ணம்தான். லினக்ஸைக் கொஞ்சம் ஜாலியான விஷயமாக்குவது என்பதே இதழின் கொள்கை வாசகம்! ஆரம்ப இதழ்களில் பெரும்பகுதியை அவரே எழுதினார், அவரே வடிவமைத்தார், வந்த மின்னஞ்சல்களுக்கும் அவரே பதில் போட்டார்.

அந்தக் காலத்தில் இப்படி ஓர் இதழ் நடத்த என்ன செலவாகியிருக்கும்? டொமைன் பெயர் பதிவுக்கு 1995 செப்டம்பர் வரை கட்டணமே இல்லை. அந்த மாதம்தான் இரண்டு ஆண்டுக்கு 100 டாலர் என்று வசூலிக்கத் தொடங்கினார்கள். எழுத்து இலவசம். ஆக, மிஞ்சுவது மூன்று: பக்கங்களை வைக்க ஒரு சர்வர், படிப்பவர்கள் இழுக்கும் அலைவரிசை, நடத்துபவரின் நேரம். முதலிரண்டையும் பல்கலைக்கழகத் தொடர்பை வைத்தோ நண்பர்களைப் பிடித்தோ சமாளித்துவிடலாம். மூன்றாவதுதான் சிக்கல். தனியாளாக நடத்துபவருக்கு நேரம் எங்கிருந்து வரும்?

அலைவரிசைச் செலவு கரைந்துபோன விதம் சுவாரசியமானது. இதழ் வெளிவந்ததும் உலகின் பல மூலைகளில் இருந்த பல்கலைக்கழகங்களும் இணையச் சேவை நிறுவனங்களும் அதை அப்படியே தங்கள் சர்வரில் நகல் எடுத்து வைத்துக்கொண்டன. இவற்றை மிரர் தளங்கள் என்பார்கள். ஜெர்மனிக்காரர் ஜெர்மனியில் இருக்கும் நகலைப் படிப்பார், ஜப்பான்காரர் ஜப்பானில் இருக்கும் நகலை. மூல சர்வரின் பாரம் குறைந்தது. யாரும் காசோலை எழுதவில்லை, நன்கொடை என்று அறிவிக்கவும் இல்லை, ஆனால் உண்மையில் இதுதான் இதழுக்குக் கிடைத்த முதல் நிதியுதவி! டெபியன் லினக்ஸில் ஒவ்வொரு கெஜட் இதழையும் ஒரு தனி மென்பொருள் தொகுப்பு போலவே கட்டி வைத்தார்கள். நிறுவிக்கொண்டால் இணையம் இல்லாமலே படிக்கலாம்.

இந்தியாவில் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது 1995 ஆகஸ்ட் 15-இல், அதாவது கெஜட்டின் முதல் இதழுக்கு அடுத்த மாதம். மணிக்கணக்கில் காசு எண்ணி, டயல்-அப் மோடத்தின் கீச்சொலிக்குக் காத்திருந்து படித்த காலம் அது. கெஜட்டில் பிற்காலத்தில் இதழ் முழுவதையும் ஒரே கோப்பாகத் தரும் ஏற்பாடு வந்தது. அதற்கு வைத்த பெயரே வேடிக்கையாக இருக்கும்: 'டி.டபிள்யூ.டி.டி.', அதாவது 'மொத்த எழவும்' என்று தமிழில் சொல்லலாம்! ஒரே இழுப்பில் இறக்கிக்கொண்டு, தொடர்பைத் துண்டித்துவிட்டு, நிதானமாகப் படிக்கலாம். இது வாசகரின் தொலைபேசிக் கட்டணத்தையும் மிச்சப்படுத்தியது, சர்வரின் பாரத்தையும் மிச்சப்படுத்தியது.

ஃபிஸ்க்கால் ஓராண்டுக்கு மேல் இரண்டு குதிரையில் சவாரி செய்ய முடியவில்லை. 1996-இல் இதழை வேறு ஒருவரிடம் ஒப்படைக்க முடிவு செய்தார். ஏற்றுக்கொண்டது சியாட்டிலைச் சேர்ந்த எஸ்.எஸ்.சி. என்ற நிறுவனம். அதன் தலைவர் ஃபில் ஹியூஸ். யூனிக்ஸ் கட்டளைகளை மடக்கு அட்டையில் அச்சடித்து விற்றுவந்த நிறுவனம் அது. 1994 மார்ச்சில் 'லினக்ஸ் ஜர்னல்' என்ற சந்தா இதழையும் தொடங்கியிருந்தார்கள். ஆக, பத்திரிகை நடத்தத் தெரிந்தவர்கள், லினக்ஸ் மேல் அக்கறை உள்ளவர்கள், சர்வர் வைத்திருப்பவர்கள். இதைவிடப் பொருத்தமான இடம் அன்று கிடைத்திருக்காது.

ஒப்படைக்கும்போது ஒரு புரிதல் இருந்தது. கெஜட் எப்போதும் திறந்ததாக, இலவசமாக, வணிக நோக்கம் இல்லாததாகவே இருக்கவேண்டும் என்பது அது. நல்ல நிபந்தனைதான். ஆனால் இதில் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. இதழின் பெயர் யாருக்குச் சொந்தம்? நாளை இதழின் வடிவத்தையே மாற்றவேண்டும் என்றால் யாரைக் கேட்கவேண்டும்? இரண்டு நல்ல மனிதர்கள் நட்போடு பேசி ஒரு பொருளைக் கைமாற்றும்போது இந்தக் கேள்விகள் எழாது. எழுப்பினால் அநாகரிகமாகக்கூடத் தோன்றும்.

எஸ்.எஸ்.சி.யின் கையில் கெஜட் நன்றாகவே வளர்ந்தது. இதைச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்த சண்டையை மட்டும் படிப்பவர்கள் அந்த நிறுவனத்தை வில்லனாக்கிவிடுகிறார்கள். மாதாமாதம் இதழைத் தொகுக்கத் தன் ஊழியர்களின் நேரத்தை அது கொடுத்தது, சர்வரைக் கொடுத்தது. சில நிறுவனங்கள் ஆதரவாளர்களாகச் சேர்ந்து வெளியீட்டுச் செலவில் பங்கு போட்டன. அவர்களின் பெயர்கள் இதழில் நன்றியோடு இடம்பெற்றன. விளம்பரம் வேண்டாம், ஆதரவாளர் பெயர் மட்டும் போதும் என்பது வணிக நோக்கின்மைக்கும் மாதாந்தரச் செலவுக்கும் நடுவில் கண்டுபிடித்த சமரசம். எஸ்.எஸ்.சி.க்கும் லாபம் இல்லாமல் இல்லை. கெஜட்டைப் படிக்கும் ஆயிரக்கணக்கானவர்கள்தானே லினக்ஸ் ஜர்னலுக்கு நாளைய சந்தாதாரர்கள்?

அதே நேரத்தில் தன்னார்வலர்களின் பங்கு பெருகிக்கொண்டே போனது. வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஜிம் டென்னிஸ் என்பவர் முன்வந்தார். ஒரு வரிக் கேள்விக்கு ஒரு பக்கம் பதில் எழுதுவார்! 'பதில் சொல்லும் ஆசாமி' என்றே அவர் பகுதிக்குப் பெயர். கேள்விகள் குவியவே ஒரு ஆசாமி போதவில்லை. பலர் சேர்ந்து 'பதில் சொல்லும் கூட்டம்' ஆனார்கள். சிறு குறிப்புகளுக்கு 'இரண்டு காசு உத்திகள்' என்று ஒரு பகுதி. கட்டுரைகள் பல நாடுகளிலிருந்து வந்தன, இந்தியாவிலிருந்தும் வந்தன. வேறு மொழிகளில் மொழிபெயர்த்தவர்கள் தனியே. இவர்கள் யாரும் எஸ்.எஸ்.சி.யின் ஊழியர்கள் அல்ல. ஆனால் இதழ் என்று வாசகன் கையில் எடுத்தது பெரும்பாலும் இவர்களின் உழைப்பைத்தான்.

இங்கேதான் கணக்கு கொஞ்சம் கொஞ்சமாகக் கோணலாகிறது. ஒரு பக்கம் சர்வர், டொமைன், அலுவலகம். இதைப் பணத்தில் எண்ணலாம், ரசீது உண்டு. மறுபக்கம் நூற்றுக்கணக்கானவர்களின் மாலை நேரம், ஞாயிற்றுக்கிழமை. இதை எண்ண வழியில்லை, ரசீதும் இல்லை. சண்டை வந்தால் ரசீது வைத்திருப்பவருக்குத்தானே வலு அதிகம்?

சண்டை 2003-இல் வந்தது.

அதற்குள் காலம் மாறியிருந்தது. 1999 டிசம்பர் 9 அன்று வி.ஏ. லினக்ஸ் என்ற நிறுவனத்தின் பங்கு சந்தைக்கு வந்தபோது, 30 டாலருக்கு விற்ற பங்கு முதல் நாளிலேயே 239 டாலரைத் தொட்டு முடிந்தது. லினக்ஸ் என்ற சொல்லைப் பெயரில் வைத்திருந்தால் போதும் என்ற மோகம். இரண்டே ஆண்டில் அந்தக் குமிழி உடைந்தது. லினக்ஸ் நிறுவனங்கள் ஆட்குறைப்பு செய்தன, விளம்பரப் பணம் வற்றியது. லினக்ஸைச் சுற்றி இதழ் நடத்தியவர்கள் எல்லாருமே செலவைக் குறைக்க வழி தேடினார்கள்.

இந்தச் சூழலில்தான் எஸ்.எஸ்.சி. ஒரு திட்டத்தை அறிவித்தது. மாதாமாதம் இதழாகத் தொகுப்பதை நிறுத்திவிட்டு, கட்டுரைகளை வந்தபடியே ஏற்றிக்கொள்ளும் ஒரு தானியங்கித் தளமாக கெஜட்டை மாற்றுவது, தொகுப்பாசிரியர்கள் தேவையில்லை என்பதே அதன் சாரம். ஒரு நிறுவனத்தின் பார்வையில் இது நியாயமான சிக்கனம். ஆனால் தன்னார்வலர்களின் பார்வையில், அவர்கள் எதற்காகக் கூலியில்லாமல் உழைத்தார்களோ அதையே தூக்கி எறிவது போல இருந்தது. கட்டுரையைத் தேர்ந்தெடுத்து, பிழை திருத்தி, நிரல்களைச் சரிபார்த்து, மாத முதலில் ஒழுங்காகக் கட்டித் தருவதில்தானே ஓர் இதழின் பெருமை இருக்கிறது? வந்ததையெல்லாம் கொட்டி வைக்கும் கூடைக்கு ஆசிரியர் எதற்கு?

தொகுப்பாசிரியர்களும் பதில் சொல்லும் கூட்டமும் ஒன்றாக வெளியேறினார்கள். நன்கொடையாகக் கிடைத்த சர்வர் இடத்தில், 'டாட் நெட்' என்று முடியும் புதிய முகவரியில், 2003 நவம்பரில் 96-ஆம் இதழை வெளியிட்டார்கள். 1 என்று எண்ணைத் தொடங்காமல் 96 என்று போட்டதைக் கவனிக்கவேண்டும். நாங்கள்தான் கெஜட், முகவரிதான் மாறியிருக்கிறது என்று சொல்லும் எண் அது. பழைய 'டாட் காம்' முகவரியில் எஸ்.எஸ்.சி. தன் வழியில் நடத்திக்கொண்டிருந்தது. ஒரே பெயரில் இரண்டு கெஜட்! லினக்ஸ் கெஜட் என்ற பெயர் தங்கள் வணிகச்சின்னம், வேறு யாரும் பயன்படுத்தக்கூடாது என்று எஸ்.எஸ்.சி. சொன்னது. திறந்ததாக, வணிக நோக்கம் இல்லாததாக இருக்கும் என்ற நம்பிக்கையில் கைமாறிய பெயர், வணிகச்சின்னமாக எப்படி மாறலாம் என்று மறுதரப்பு கேட்டது.

சட்டப்படி யார் சரி என்பது ஒருபுறம் இருக்கட்டும். தன்னார்வலர்களால் மறுநாளே வேறு இடத்தில் கடையைத் திறக்க முடிந்தது எப்படி? காரணம் பணமல்ல, உரிமம். கெஜட்டில் வந்த கட்டுரைகள், எவரும் நகலெடுத்து மறுபடி வெளியிட அனுமதிக்கும் திறந்த உரிமத்தில் வந்தவை. எனவே பழைய 95 இதழ்களையும் அவர்களால் தங்கள் தளத்தில் முழுதாக வைத்துக்கொள்ள முடிந்தது. எஸ்.எஸ்.சி. கையில் டொமைன் பெயர் இருந்தது, ஆனால் கட்டுரைகளைப் பூட்டி வைக்கும் சாவி இல்லை. மிரர் தளங்களில் வேறு எல்லாமே சிதறிக் கிடந்தன. எட்டு ஆண்டுக்கு முன் அலைவரிசையை மிச்சப்படுத்த வந்த ஏற்பாடு, இப்போது காப்பீடாகிவிட்டது.

எஸ்.எஸ்.சி. நடத்திய கெஜட் 2006-இல் மூடப்பட்டது. தன்னார்வலர்களின் கெஜட் 2011 வரை வந்தது. பணம் போட்டவரிடம் பெயர் தங்கியது, உழைப்பு போட்டவர்களிடம் இதழ் தங்கியது என்று சொல்லலாம்.

கெஜட் பிளவுபடுவதற்கு ஓராண்டுக்கு முன்பு, அதே வறட்சியில் சிக்கிய இன்னொரு இதழ் வேறு வழியைப் பிடித்தது. அதையும் சேர்த்துப் பார்த்தால்தான் கெஜட்டுக்கு என்ன வாய்ப்பு இருந்தது என்று புரியும்.

'லினக்ஸ் வீக்லி நியூஸ்', சுருக்கமாக எல்.டபிள்யூ.என். 1998 ஜனவரியில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஜோனதன் கார்பெட், எலிசபெத் கூல்பா ஆகிய இருவரும் தொடங்கியது. முதலில் அவர்களின் சிறு நிறுவனத்துக்குப் பெயர் வாங்கித் தரும் ஒரு வழியாகத்தான் இதை நினைத்தார்கள். இதழே தொழிலாகிவிட்டது. லினக்ஸ் கருவில் என்ன நிரல் நுழைகிறது, ஏன் நுழைகிறது, யார் எதிர்க்கிறார்கள் என்பதையெல்லாம் வாரம் தவறாமல் புரியும்படி எழுதினார்கள். குமிழி உச்சத்தில் இருந்த 2000-இல் டுகாஸ் என்ற நிறுவனம் இதழை வாங்கியது. குமிழி உடைந்ததும் மறுபடி தனித்து விடப்பட்டது. விளம்பரம் போதவில்லை. நன்கொடை கேட்டுப் பார்த்தார்கள், அதுவும் போதவில்லை. 2002 ஜூலை இறுதியில், அடுத்த வார இதழே கடைசி என்று அறிவித்துவிட்டார்கள்.

அறிவிப்பைப் பார்த்ததும் வாசகர்களிடமிருந்து பணம் வந்து குவிந்தது. கேட்டபோது தராதவர்கள், மூடப் போகிறோம் என்றதும் தந்தார்கள்! மனித இயல்பு அப்படித்தான் போலிருக்கிறது. நூலகத்துக்குப் போகாதவர்கள்கூட நூலகத்தை மூடினால் கொதிப்பார்கள் அல்லவா?

ஆனால் பதறிப்போய்த் தந்த பணத்தை நம்பி ஆண்டுக்கணக்கில் குடும்பம் நடத்த முடியாது என்பது ஆசிரியர்களுக்குத் தெரிந்திருந்தது. யோசித்து ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள். புதிய வார இதழை முதல் ஒரு வாரம் சந்தாதாரர்கள் மட்டும் படிக்கலாம், அதற்குப் பிறகு எல்லாருக்கும் இலவசம். சந்தாவில் மூன்று படிகள். வசதி குறைந்தவருக்கான கீழ்ப்படிக்கு 'பட்டினி கிடக்கும் ஹேக்கர்' என்று பெயர் வைத்தார்கள்! எந்தப் படியில் கட்டுவது என்பதை வாசகரே தன் மனச்சாட்சிப்படி முடிவு செய்துகொள்ளலாம். சந்தாதாரர் ஒருவர் பூட்டிய கட்டுரையை நண்பருக்குக் காட்ட விரும்பினால் அதற்கென்று ஓர் இணைப்பை உருவாக்கி அனுப்பவும் வழி செய்தார்கள்.

இந்த முறையின் சூட்சுமம் எளிது. பணம் கட்டுபவர் கட்டுரைக்காகக் கட்டவில்லை, ஒரு வாரம் காத்திருந்தால் அது சும்மாவே கிடைத்துவிடும். காத்திருக்காமல் இருப்பதற்காகவும், அடுத்த வாரமும் இதழ் வரவேண்டும் என்பதற்காகவும் கட்டுகிறார். காசில்லாத மாணவருக்கு ஒரு வாரத் தாமதம் தவிர எந்த நட்டமும் இல்லை. பழைய கட்டுரைகள் எல்லாம் திறந்தே இருப்பதால் புதிய வாசகர்களும் வந்துகொண்டே இருந்தார்கள். 2023-இல் எல்.டபிள்யூ.என். 25 ஆண்டுகளைத் தாண்டியது.

கெஜட்டும் இதையே செய்திருக்கலாமே? முடியாது. அங்கேதான் வேறுபாடு. எல்.டபிள்யூ.என். ஆசிரியர்களுக்கு இது பிழைப்பு. சந்தா அவர்களின் சம்பளமானது. கெஜட்டில் எழுதியவர்கள் நூற்றுக்கணக்கானோர், யாருக்கும் எதுவும் தருவதில்லை. அங்கே ஒரு வாரமாவது பூட்டுப் போட்டுப் பணம் வாங்கியிருந்தால், 'என் கட்டுரைக்கு வந்த பணம் எங்கே?' என்று முதல் கேள்வி எழுதியவரிடமிருந்தே வந்திருக்கும். சிலருக்குச் சம்பளம் கொடுத்துப் பலரை இலவசமாக எழுதச் சொன்னால் எழுதுவார்களா? தன்னார்வ இதழில் பணம் இல்லாதது மட்டும் பிரச்சினையல்ல, பணம் வந்தாலும் பிரச்சினைதான்.

பிரிட்டனில் தொடங்கிய 'மேக்பை' இதழ் இந்தச் சிக்கலை வேறு மாதிரி தாண்டியது. 2012 பிப்ரவரியில் ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினி விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டு மே மாதம் ஆர்வலர்கள் சிலர் சேர்ந்து, சிறுவர்களும் நிரல் எழுதப் பழகும்படி, ஒரு மாத இதழை பி.டி.எஃப். கோப்பாக இலவசமாக வெளியிட்டார்கள். எழுத்து, ஓவியம், வடிவமைப்பு எல்லாமே தன்னார்வம். வாசகர்கள் தாளில் அச்சடித்து வேண்டும் என்று கேட்க, அந்த ஆண்டு டிசம்பரில் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் துண்டு விரித்தார்கள். முதல் எட்டு இதழ்களையும் அச்சிட்டு ஒரு கோப்பில் சேர்த்துத் தருவதாகத் திட்டம். எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு பணம் வந்தது. இங்கே யாரும் எழுத்துக்காகக் கட்டவில்லை, தாளுக்காகக் கட்டினார்கள் என்பதால் எழுதியவர்களுக்கும் மனக்குறை இல்லை.

ஆனாலும் மாதாமாதம் இதழ் கொண்டுவரும் உழைப்பு குறையவில்லையே. 2015 பிப்ரவரியில், 31-ஆம் இதழிலிருந்து, ராஸ்பெர்ரி பை அறக்கட்டளையே இதழை ஏற்றுக்கொண்டது. முழுநேர ஆசிரியர் வந்தார். அந்த ஆண்டு டிசம்பர் இதழின் அட்டையில் ஒரு கணினியையே, ஐந்து டாலர் விலையுள்ள பை ஜீரோவை, ஒட்டிக் கொடுத்தார்கள். தன்னார்வலர்களால் கனவிலும் செய்ய முடியாத காரியம். கெஜட் போல சண்டை எதுவும் இல்லை, கைமாற்றம் சுமுகமாகவே நடந்தது. 2025-இல் அந்த இதழின் பெயர் 'ராஸ்பெர்ரி பை அஃபிஷியல் மேகசின்' என்று மாறியது. ஆர்வலர்கள் வைத்த மேக்பை என்ற செல்லப்பெயர் அட்டையிலிருந்து போய்விட்டது.

விளம்பரத்தை நம்பிய டாக்டர் டாப்ஸ் ஜர்னல் என்ன ஆனது? அச்சு 2009-இல் நின்று, இணையத்தில் மட்டும் தொடர்ந்தது. 2014 டிசம்பரில் அதுவும் முடிவுக்கு வந்தது. இத்தனைக்கும் அந்த ஆண்டு அதன் பக்கங்கள் ஒரு கோடி முறைக்கு மேல் பார்க்கப்பட்டிருந்தன, முந்தைய ஆண்டைவிட அதிகம்! படிப்பவர் கூடினார்கள், இணைய விளம்பர வருமானம் சரிந்துகொண்டே போனது. கெஜட்டுக்கு வீடு கொடுத்த எஸ்.எஸ்.சி.யின் லினக்ஸ் ஜர்னல்கூட, வேறு உரிமையாளர்களிடம் கைமாறி, 2011-இல் அச்சை நிறுத்தி, 2017-இல் மூடி, மீண்டு, 2019 ஆகஸ்டில் மறுபடி மூடி, 2020-இல் இன்னொரு நிறுவனத்தின் கைக்குப் போனது. ஆக, பணமுள்ள நிறுவனத்தின் நிழலில் ஒதுங்கினாலும் அந்த நிழல் எவ்வளவு நாள் என்று சொல்ல முடியாது.

தமிழிலும் இதற்கு ஒரு வாரிசு உண்டு. 2012 ஜனவரியில் த. சீனிவாசன் முதலானோர் தொடங்கிய 'கணியம்' இதழ், லினக்ஸ் முதல் நிரல்மொழிகள் வரை கட்டற்ற மென்பொருள்களைத் தமிழில் சொல்லித்தரத் தன்னார்வலர்களால் நடத்தப்படுவது. கட்டுரைகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில், யாரும் பகிரலாம். மாத பி.டி.எஃப். இதழ்களாக வந்தபோது அவற்றை அச்சிட்டுக் கல்லூரி நண்பர்களுக்குக் கொடுக்கவும் யாருடைய அனுமதியும் வேண்டியிருக்கவில்லை. பின்னாளில் கணியம் அறக்கட்டளை என்று பதிவு செய்துகொண்டு நன்கொடைகளைப் பெறத் தொடங்கினார்கள். பெயரும் கணக்கும் ஒரு தனி மனிதரிடமோ, வெளி நிறுவனத்திடமோ இல்லாமல் ஓர் அறக்கட்டளையிடம் இருப்பது, 2003-இல் கெஜட்காரர்களுக்குக் கிடைக்காத வசதி.

கெஜட்டின் 186-ஆம் இதழ் 2011-இல் வந்தது. அதற்குப் பிறகு வரவில்லை. அப்போது டொமைன் சண்டையும் இல்லை, சர்வர் வாடகை பாக்கியும் பேச்சில் இல்லை. லினக்ஸ் சந்தேகங்களுக்குப் பதில் சொல்ல ஸ்டாக் ஓவர்ஃப்ளோ போன்ற தளங்கள் வந்துவிட்டிருந்தன. உத்தி எழுதத் தெரிந்தவர்கள் ஆளுக்கொரு வலைப்பதிவு வைத்திருந்தார்கள். ஃபிஸ்க் 1995 ஜூலையில் தனியாக எழுதிய முதல் இதழ் லினக்ஸ் ஆவணத் திட்டத்தின் நகல்களில் இருக்கிறது. அதில் சொல்லப்பட்ட மோடம்களைத்தான் இப்போது யாரும் பயன்படுத்துவதில்லை.